கோணேசருக்குப் பக்கத்தில் குடியிருக்க நினைப்பவருக்கு

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. கணவர் திருகோணமலையில் பிறந்து, பள்ளிக்கூடமும் இங்கேயே படித்தவர். மனைவி யாழ்ப்பாணத்துக் கரவெட்டி. இருவரிடமும் இப்போது இருப்பது பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும். கோணேசர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் காணி வாங்கி, வீடு கட்டி, மிச்சக் காலத்தை அமைதியாகக் கழிக்கலாமா? அல்லது நுவரெலியா போலக் குளிரான மலைப்பக்கம் போவது நல்லதா?

வாருங்கள். ஆனால் காணியும் வாங்க வேண்டாம், வீடும் கட்ட வேண்டாம். ஒரு முழு வருடம் வாடகைக்கு இருங்கள். நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வந்த கையோடு காணி வாங்கியவர்கள் பிறகு எந்தெந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நுவரெலியா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஏப்ரல் சீசனைத் தவிர்த்தால் அமைதியான ஊர், பக்கத்திலேயே சீதா எலிய அம்மன் கோயில், நல்ல மரக்கறி. ஆனால் அங்கே உங்களுக்கு ஆர் இருக்கிறார்கள்? ஈரக் குளிர் முழங்கால் வலிக்கு ஆகாது. குளிர்தான் வேண்டுமென்றால் லண்டனை விட்டு வருவதற்கே காரணம் இல்லை. பிறந்த ஊர், படித்த பள்ளி, இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய நாலு பேர் என்று உங்களுக்கு இருப்பதெல்லாம் இங்கேதான்.

இனி, கோயிலுக்கு நடந்து போகிற தூரம். கோணேசர் கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள் சுவாமிமலை உச்சியில் இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, குடிமனை கிடையாது. ஆகவே உண்மையில் நடக்கிற தூரம் என்றால் பிரதான வீதி, டைக் வீதி, கடற்கரைப் பக்கம், அவ்வளவுதான். அந்தப் பகுதியில் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளிலும் பாடசாலை விடுமுறையிலும் தென்பகுதியிலிருந்து வரும் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். யாத்திரை வருகிறவருக்கு அது கலகலப்பு. ஜன்னலுக்கு வெளியே அதுவே தினம் நடந்தால் நீங்கள் தேடி வந்த அமைதி எங்கே? கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதைவிட, ஓட்டோவில் பத்து நிமிடத்தில் போய்வரக்கூடிய இடத்தில் இருப்பது மேல்.

கோயிலுக்குப் போகவேண்டிய நேரம் அதிகாலை. கோட்டை வாசலால் உள்ளே போகும்போது சென்றிக்கு நிற்கிற பெடியன் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்ப்பான். ஏற்றத்தில் இரண்டு பக்கமும் கடைகள் இன்னும் திறந்திருக்காது. மரத்தடியில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். நீங்கள் கிட்டப் போனாலும் எழும்பாது, காதை மட்டும் ஆட்டும். உச்சியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்றால் கீழே கடலில் மீன்பிடிப் படகுகள் திரும்பி வருவது தெரியும். காலை பத்து மணிக்குப் பிறகு இதே பாதையில் செல்ஃபி எடுப்பவர்களை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

அந்த மான்கள் பற்றி இன்னொன்று. அவை கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. பஸ் நிலையம், கடற்கரை, வீட்டு வாசல் எல்லாம் வரும். வாழைப்பழத் தோலும் தின்னும், பொலித்தீன் பையும் தின்னும். நகருக்குள் வீடு எடுத்தால் மதிலும் கேற்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் செவ்வரத்தையில் ஓர் இலை மிஞ்சாது.

நீங்கள் இங்கே படித்த காலத்தில் கேட்டிருப்பீர்கள், பிள்ளைகளுக்காகத் திரும்பவும் சொல்கிறேன். சம்பந்தர் தேவாரமும் அருணகிரியார் திருப்புகழும் பெற்ற தலம் இது. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கோட்டைச் சுவரிலும் கடலடியிலும் கிடந்தன. அப்போது காப்பாற்றி ஒளித்த மூர்த்தங்களின் தொடர்ச்சியாகத்தான் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே சுழியோடி இடிபாடுகளைப் பார்த்தார்கள். இப்போதைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். அதனால் ஒரு பழைய ஆகமக் கோயிலின் பிரமாண்டத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்குக் கட்டிடம் சின்னதாகத் தெரியும். ஊருக்கு அது ஒரு குறையே இல்லை. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போது வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்துக் காத்திருப்பதை நீங்கள் இங்கே குடியிருந்தால்தான் பார்க்க முடியும்.

சரி, ஒரு வருடம் இருக்கச் சொன்னதற்குக் காரணம் காலநிலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அநேகமாக ஜூலை, ஓகஸ்ட்டில் பிள்ளைகளின் விடுமுறைக்கு வருவார்கள். அப்போது நிலாவெளிக் கடல் தண்ணீர்த்தொட்டி போல இருக்கும், புறாமலைக்குப் படகு ஓடும், ஹோட்டல்கள் நிறைந்திருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் கச்சான் காற்று. மேற்கிலிருந்து, காடும் வயலும் கடந்து, காய்ந்து கொதித்து வரும். மத்தியானம் பதினொரு மணி தொடக்கம் நாலு மணி வரை வீதியில் நிற்க ஏலாது. ஹோட்டலில் ஏசிக்குள் இருக்கிறவருக்கு அது தெரியாது, தகரமோ அஸ்பெஸ்டோஸோ போட்ட வீட்டில் இருக்கிறவருக்கு நன்றாகத் தெரியும். கிணற்று நீர் இறங்கும், சில இடங்களில் உவர்க்கும். வாடகை வீடு பார்க்கும்போது கூரை என்ன, கிணற்றில் வெயில் காலத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், குழாய் நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். டைல்ஸின் நிறம் பிறகு பார்க்கலாம்.

ஒக்டோபர் கடைசியில் வாடைக்காற்று தொடங்கினால் ஜனவரி வரை மழை. வருடத்து மழையில் பெரும் பங்கு இந்த மாதங்களில்தான். கடல் கொந்தளிக்கும், மீன் விலை ஏறும், உடுப்புக் காயாது. இந்தக் கரைக்குப் புயலும் புதிதல்ல. 1964 டிசம்பர்ப் புயலை வயதானவர்கள் இன்றும் கதைப்பார்கள். 2000 டிசம்பரில் ஒன்று நேரடியாக வந்தது, 2020 டிசம்பரில் புரெவி வடக்கே குச்சவெளிப் பக்கம் கரை ஏறியது. மழை விட்டதும் நுளம்பு. 2017இல் பக்கத்து ஊரான கிண்ணியாவில் டெங்கு பரவியபோது ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் போனது. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. நவம்பர் மழையிலும் உங்களுக்கு இந்த ஊர் பிடித்திருந்தால் பிறகு எந்த மாதமும் பிரச்சினை இல்லை. பெப்ரவரி, மார்ச் போல ஒரு காலம் வேறெங்கும் கிடைக்காது.

எங்கே இருப்பது? எனக்கென்றால் உவர்மலை அல்லது பாலையூற்று. உவர்மலை கொஞ்சம் உயரமான இடம், அரசாங்க அலுவலகங்களும் விடுதிகளும் நிறைய, இரவு எட்டு மணிக்குப் பிறகு சத்தமே இல்லை. பாலையூற்றில் வளவுகள் பெரிது, மரநிழல் உண்டு, லூர்து அன்னை ஆலயத் திருவிழாக் காலத்தில் மட்டும் கூட்டம். மனைவிக்கு யாழ்ப்பாணத்து வளவும் வேலியும்தான் பழக்கம் என்றால் பாலையூற்று ஒத்துவரும். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் கடற்கரை வீடு என்று ஆசைப்பட வேண்டாம். சீசனில் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று வீட்டுக்காரர் ஏப்ரலில் உங்களை எழுப்பப் பார்ப்பார். திருக்கடலூரில் மீனவக் குடும்பங்கள் நெருக்கமாக இருக்கிறார்கள், அருமையான சனம், ஆனால் வெளியாருக்கு வீடு கிடைப்பது அபூர்வம். அங்கே காலையில் போய் நில்லுங்கள். கரைவலை இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்பில் கயிறு போட்டு, பின்பக்கமாக அடி வைத்து, ஒரே தாளத்தில் வருவார்கள். வலையின் மடி கரைக்கு வந்ததும் சூடை மீனும் கீரி மீனும் மணலில் துள்ளும். அந்த இடத்திலேயே வாங்கினால் தராசு கிடையாது. கூறுதான். பேரம் பேசலாம், ஆனால் லண்டன் வாசம் அடிக்காத உடுப்பில் போங்கள்.

வாடகைக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம் கேட்பார்கள், அது இங்கே வழமை. ஒப்பந்தத்தை நொத்தாரிசு மூலம் எழுதுங்கள். மின்சார மீற்றர் எவர் பெயரில், பழைய பில் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் வாடகை கூடும். சொந்தக்காரரோ பழைய வகுப்புத் தோழரோ முன்னால் போய்ப் பேசட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.

இனிக் காணி. இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் பெயருக்கு இலங்கையில் காணிக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுத முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு, ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கிற நீங்கள் இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான், இங்கே பிறந்திருந்தாலும். இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவருக்கு இந்தத் தடை இல்லை. நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாக வருகிற காணிக்கும் விலக்கு உண்டு. தடையைச் சுற்றிப் போக மைத்துனர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மருமக்கள் வருவார்கள்.

ஆகவே வேலையின் ஒழுங்கு இதுதான்: முதலில் இரட்டைப் பிரஜாவுரிமை, பிறகு காணி. நீங்கள் இலங்கைப் பிரஜையாக இருந்து, பிரிட்டிஷ் பிரஜையானதால் அதை இழந்தவர். திரும்பப் பெறுவதற்குப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 55 வயதைத் தாண்டியவர் என்பதே விண்ணப்பிக்கும் தகுதிகளில் ஒன்று. லண்டன் உயர்ஸ்தானிகராலயம் மூலமும் கொடுக்கலாம், பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் கொடுக்கலாம். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். தகப்பன் பெயர் முன்னால் பின்னால் மாறிக் கிடப்பதும், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபடுவதும்தான் தாமதத்துக்கு முதல் காரணம். பிரஜாவுரிமை வேண்டாம் என்றால் 55 தாண்டிய வெளிநாட்டவருக்கான வதிவிட விசா இருக்கிறது. வங்கியில் 15,000 அமெரிக்க டொலர் வைப்பு, மாதம் 1,500 டொலர் வெளியிலிருந்து வரவு என்பதே அதற்கு நெடுங்காலமாக இருந்த நிபந்தனை. இந்த விசாவால் காணி வாங்கும் உரிமை வராது.

உரிமை வந்த பிறகும் காணியின் வகையைப் பாருங்கள். உறுதிக் காணி ஒன்று, அனுமதிப்பத்திரக் காணி இன்னொன்று. திருகோணமலை மாவட்டத்தில் அரச காணி நிறைய. அதில் குடும்பங்களுக்குப் பேர்மிட் கொடுத்திருப்பார்கள். பேர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. ‘பேர்மிட்தான், ஆனால் நாங்கள் நாற்பது வருடமாக இருக்கிறோம், வெள்ளைப் பேப்பரில் எழுதித் தருகிறோம்’ என்று மலிவாகச் சொல்வார்கள். மலிவுக்குக் காரணம் அதுவே. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். நில அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு, சர்வேயருடன் நேரில் போய் எல்லைக்கல்லைக் காலால் தட்டிப் பாருங்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, வெளிநாடு போய், பத்து வருடத்துக்கு மேல் கைவிடப்பட்ட தனியார் காணிகளில் வேறு ஆட்கள் ஆட்சியுரிமை கோருகிற வழக்குகள் நிறைய. உங்கள் தகப்பனார் வழிக் காணி ஏதாவது இருந்தால், புதுக்காணி தேடுவதற்கு முன் அதைப் போய்ப் பார்த்து வேலி போடுங்கள்.

கடலோரம் என்றால் இன்னொரு திணைக்களமும் சேரும். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதென்றாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. 2004 சுனாமியைப் பார்த்த ஊரில் இதற்காகக் குறைப்பட எனக்கு மனம் வராது.

பணம். பிரிட்டனின் அரச ஓய்வூதியம் இலங்கையில் குடியிருப்பவருக்கு வருடா வருடம் உயராது. நீங்கள் இங்கே நிரந்தரமாக வந்த அன்று என்ன தொகையோ, அதுவே கடைசி வரை. இப்போது ரூபாயில் மாற்றிப் பார்த்தால் தாராளமாகத் தெரியும், பதினைந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். அங்கே நிரந்தர வதிவிடத்தை விட்டுவிட்டால் என்.எச்.எஸ். இலவச வைத்தியமும் தானாகத் தொடராது. வருத்தம் வந்தால் ஓடிப் போய்க் காட்டலாம் என்பதை நம்பி வர வேண்டாம்.

வைத்தியம்தான் என்னுடைய பெரிய தயக்கம். திருகோணமலை பொது வைத்தியசாலையில் சாதாரண வருத்தங்களுக்கு நன்றாகப் பார்ப்பார்கள், பிரஜைகளிடம் காசு வாங்க மாட்டார்கள். விசேட வைத்தியர்கள் பின்னேரத்தில் தனியார் கிளினிக்கிலும் இருப்பார்கள். சிக்கலான இருதய, நரம்பியல் விஷயம் என்றால் கண்டி அல்லது கொழும்பு. கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர், ஹபரணைப் பாதையில் இரவில் யானை குறுக்கிடும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், அதை இரண்டு பேருடைய போனிலும் போட்டு வையுங்கள். ஏற்கெனவே ஸ்டென்ட் போட்டவர், டயாலிசிஸ் தேவைப்படுபவர் என்றால் நான் கண்டியைத்தான் சொல்வேன், கோணேசர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆட்களைப் பற்றி. மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து இருக்கிறார்கள், முஸ்லிம்கள் கொஞ்சம் கூட. கிண்ணியாவிலிருந்து வருகிற எருமைத் தயிரும் மட்டியும் இல்லாமல் நகரத்துச் சமையல் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பாதிக் கடை பூட்டியிருக்கும், அதற்கேற்ப சாமான் வாங்குங்கள். நாலு சிங்கள வார்த்தை தெரிந்தால் வங்கியிலும் பொலிஸிலும் வேலை சுலபம். அப்புறம், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் திருவிழா உபயம், பள்ளிக்கூடக் கட்டிடம், விளையாட்டுக் கழகம் என்று றசீட் புத்தகங்கள் வரத் தொடங்கும். முதல் மாதமே ஒரு அளவை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் அதே அளவு கொடுங்கள். காசைவிட முக்கியம் செத்தவீடு. தெருவில் ஒரு செத்தவீடு நடந்தால் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள். கலியாணத்துக்குப் போகாவிட்டால் மறந்துவிடுவார்கள், செத்தவீட்டுக்கு வராததை மறக்க மாட்டார்கள்.

அமைதி என்று கேட்டீர்கள். பின்னேரம் கடற்கரையில் பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், கச்சான் கொட்டை என்கிற நிலக்கடலை விற்பார்கள், நீங்களும் போய் உட்காரலாம். ஆனால் அங்கே காந்தி சிலைக்குப் பக்கத்தில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் நினைவுகூருகிறார்கள். கன்னியா வெந்நீரூற்றுக்கு அந்தியேட்டி என்கிற இறந்தவருக்கான கிரியைக்குப் போனால் அந்த இடம் ஆருடையது என்ற தகராறும் கூடவே காதில் விழும். இந்த ஊரில் எவரும் இதைப் பற்றி உரக்கப் பேச மாட்டார்கள், மறந்ததாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்து தேத்தண்ணிக் கடையில் அரசியல் விளக்கம் சொல்கிறவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள்.

நான் சொன்ன அந்த ஒரு வருடத்தை இரண்டு தடவையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் தடவை சுற்றுலா விசாவில் வாருங்கள், நவம்பரில், கொழும்பிலிருந்து இரவு ரயிலில். அதை நீடித்து மழையையும் மாசியையும் பாருங்கள். அடுத்த தடவை மே மாதம் வந்து கச்சானைப் பாருங்கள். இடையில் பிரஜாவுரிமை விண்ணப்பம் அதன்பாட்டில் ஓடட்டும். பாலையூற்றில் மாடியில்லாத, ஓட்டுக் கூரை வீடு ஏதாவது வாடகைக்கு வருகிறதா என்று நான் சொல்லி வைக்கிறேன். படி ஏற முடியுமா, நாய் கொண்டு வருவீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.